செட்டைத் திருப்புவதா, சனத்தைத் திருப்புவதா?

மேடைக்குப் பின்னால் நடக்கிற குழப்பத்தையே நாடகமாக்கி, வயிறு வலிக்கச் சிரிக்கிற மாதிரி ஒன்று போட வேண்டும் என்று எங்கள் குழு முடிவெடுத்து நான்கு மாதம் ஆகிறது. தருமபுரியில் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் ஒத்திகைக்குக் கூடுகிற 14 பேர் நாங்கள். ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், ஒரு நர்ஸ், மூன்று கல்லூரிப் பிள்ளைகள். எந்தக் கதை, எந்த இடம், பின்பக்கத்தை எப்படிக் காட்டுவது என்ற மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பேசித் தீர்த்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தோம். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கூடவே ஆடின. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நாடகம் போட நினைக்கிற வேறு குழுக்களுக்கும் பயன்படட்டும் என்று, நாங்கள் எடைபோட்டுப் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

இந்த வகை நாடகம் என்றாலே முதலில் வருகிற பெயர் மைக்கேல் ஃபிரேன் எழுதிய 'நாய்ஸஸ் ஆஃப்'. 1970-இல் தன்னுடைய வேறொரு நாடகத்தை அவர் மேடையின் பக்கவாட்டில் நின்று பார்த்திருக்கிறார். முன்னால் தெரிந்ததைவிடப் பின்னால் நடந்த ஓட்டமும் தவிப்பும்தான் அதிகச் சிரிப்பாக இருந்ததாம். அந்த யோசனையை 1977-இல் சின்ன நாடகமாக எழுதிப் பார்த்தார். முழு நாடகம் 1982-இல் லண்டனில் மேடையேறியது.

அதில் மூன்று அங்கங்கள். ஊர் ஊராகப் போகப்போகிற ஒரு குழு, முதல் காட்சிக்கு முந்தின இரவு தூக்கமில்லாமல் ஒத்திகை பார்ப்பது முதல் அங்கம். இரண்டாவதில் செட் அப்படியே திரும்பிவிடுகிறது. ஒரு மாதம் கழித்து, அதே நாடகத்தை நாம் பின்னாலிருந்து பார்க்கிறோம். இதற்குள் நடிகர்களுக்கிடையே காதல், பொறாமை, சண்டை எல்லாம் முற்றியிருக்கிறது. ஆனால் முன்னால் நாடகம் ஓடிக்கொண்டிருப்பதால் சத்தம் போட முடியாது. அடிதடி முழுக்க ஊமையாக நடக்கிறது. மூன்றாவதில் செட் மறுபடி முன்பக்கம் திரும்புகிறது, நாடகம் கண்ணெதிரே சிதைகிறது.

இதில் முதல் அங்கம் எதற்கு என்று யோசித்த அன்றுதான் எங்களுக்கு வழி பிடிபட்டது. பார்க்கிறவர்களுக்கு முன்பக்க நாடகத்தை மனப்பாடம் செய்து கொடுக்கத்தான் அந்த அங்கம். யார் எந்தக் கதவு வழியாக எப்போது வர வேண்டும், மீன் தட்டை எங்கே வைக்க வேண்டும் என்று சனத்துக்குத் தெரிந்திருந்தால்தானே, பின்னால் அந்தத் தட்டு தப்பான ஆள் கையில் சிக்கும்போது சிரிப்பு வெடிக்கும்? முன்பக்கம் தெரியாதவனுக்குப் பின்பக்கம் வெறும் ஓட்டம்தான்.

அப்படியானால் எங்கள் ஊர் சனத்துக்கு ஏற்கெனவே மனப்பாடமாகத் தெரிந்த முன்பக்கம் எது? இந்தக் கேள்வியை வைத்துத்தான் மூன்று கதைகளையும் உரசிப் பார்த்தோம்.

ஃபிரேனையே தமிழில் போடுவது

ஆசையில் இதுதான் முதலில் நின்றது. கடிகாரம் மாதிரி பூட்டிய எழுத்து. ஒரு ஆணியைப் பிடுங்கினால் எல்லாம் கழன்றுவிடும். நாங்கள் படித்துப் படித்துச் சிரித்தோம். எந்த முடிவெடுத்தாலும் முதலில் இதை உட்கார்ந்து படியுங்கள், முடிந்தால் இரண்டு தடவை.

மேடைக்குக் கொண்டுவரும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஒன்பது பேர் வேண்டும், அதில் நான்கு பேர் பெண்கள். ஒரு பெண் பாத்திரம் நாடகத்தின் பெரும்பகுதியில் உள்ளாடையோடு வருகிறது. அதை இங்கே மாற்றியே ஆக வேண்டும். உள்ளே ஓடுகிற குட்டி நாடகமும், வரிக்குப் பயந்து வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரர்கள், வீட்டைக் காட்ட வந்த ஏஜென்ட், திருட வந்த கிழவர் என்று இங்கிலாந்துக்காரர்களுக்குப் பழகிய ஒரு கேலி நாடகத்தின் சாயல். அங்கே சனம் பார்த்த உடனே 'ஓ, அந்த வகையா' என்று புரிந்துகொள்ளும். இங்கே அதைப் புரிய வைப்பதற்கே கால் மணி நேரம் போய்விடும்.

உரிமை விஷயமும் இருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் வாழும் காலமும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும். கட்டணம் வாங்காமல் ஓர் அமெச்சூர் குழு நாடகம் போடுவதற்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் மொழிபெயர்க்கும் உரிமை வேறு. தமிழாக்கி, ஊர்ப் பெயர்களையும் பாத்திரங்களையும் மாற்றிப் போட வேண்டுமானால், எழுதி அனுமதி வாங்கிய பிறகு தொடங்குவதுதான் முறை. 'யாருக்குத் தெரியப் போகிறது' என்று ஒரு நண்பர் சொன்னார். எழுதிப் பிழைக்கிறவனுடைய சொத்து அது. நம் கூத்து வாத்தியாருடைய பாட்டு நோட்டை யாராவது கேட்காமல் எடுத்துப் போனால் நமக்கு எப்படி இருக்கும்?

ஒரு கல்லூரியின் ஆங்கிலத் துறை, சொந்தமாக உள்ளரங்கு, நடிக்கத் தயாராக நான்கு மாணவிகள், ஆங்கிலத்திலேயே போடுகிற துணிச்சல் எல்லாம் இருந்தால் இதையே தேர்ந்தெடுக்கலாம். எங்களிடம் அதில் எதுவும் இல்லை.

நாடகக் கம்பெனிக் கதை

இரண்டாவது யோசனை, சிறுவர்களே நடித்த பழைய பாய்ஸ் கம்பெனி ஒன்றின் பின்மேடையை எழுதுவது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பால சபை மாதிரியான ஒரு கம்பெனி. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியப் பெட்டி, தொங்குகிற படுதாக்கள், கையில் பிரம்போடு வாத்தியார். வசனம் ஒரு எழுத்து பிசகக் கூடாது என்கிற கண்டிப்பு. சிரிப்பு நாடகத்துக்கு இதைவிட நல்ல மண் கிடைக்காது, ஏனென்றால் கண்டிப்பு இருக்கிற இடத்தில்தான் பிசகு வேடிக்கையாகும்.

ஆனால் அது எங்கள் பக்கத்து நினைவு இல்லை. குழுவில் 60 வயதைத் தாண்டிய இரண்டு பேரிடம் கேட்டோம். கம்பெனி நாடகத்தை அவர்கள் சினிமாவில் பார்த்ததுதான். 'நாடகம்' என்றதும் அவர்களுக்கு ஞாபகம் வருவது கோயில் திடல், பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், விடிய விடியக் கேட்ட முகவீணை என்கிற ஊதுகுழல். அதோடு இந்த யோசனையை ஓரம் வைத்தோம்.

கூத்துக் கொட்டாய்

பாலக்கோடு பக்கத்தில் என் அம்மா பிறந்த ஊர். பாரதக் கூத்து நடக்கிற நாட்களில் பெரியவர்கள் முன்னால் பாய் விரித்து உட்கார, பிள்ளைகள் நாங்கள் வேஷம் கட்டுகிற கொட்டாய்க்குப் பின்னால்தான் இருப்போம். தென்னை ஓலைப் படலை விலக்கினால் உள்ளே வேறொரு உலகம். ஒரு வருஷம் பீமன் வேஷக்காரர் புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கிரீடம் எல்லாம் ஏற்றி முடித்து நின்றுகொண்டிருந்தார். உட்கார முடியாது, குனியவும் முடியாது. உதட்டுச் சாயம் கலையக் கூடாது என்று தலையை அண்ணாந்து வாயைத் திறந்தபடி நிற்க, ஒரு பையன் பெஞ்சு மேல் ஏறி நின்று டம்ளரிலிருந்து டீயை நூல் மாதிரி ஊற்றினான். ஒரு சொட்டு மார்ப்பதக்கத்தில் விழுந்ததற்கு பீமன் அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அடுத்த நிமிஷம் திரைக்குப் பின்னால் போய் நின்று, பாட்டெடுத்து, ஊரையே நடுங்க வைத்தார். டீ குடித்த பீமனையும் சபதம் போட்ட பீமனையும் அடுத்தடுத்துப் பார்த்த சந்தோஷம் இன்னும் எனக்குள் இருக்கிறது. இந்த நாடகத்தைப் போட வேண்டும் என்று நான் விடாமல் நிற்பதற்குக் காரணமே அதுதான்.

எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் கூத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பதும், இரவில் கூத்தும், கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும் சனத்துக்குத் தெரிந்த வரிசை. கர்ணன் கதையை எடுத்துக்கொண்டால், மனைவி பொன்னுருவியோடு அவனுக்கு வாக்குவாதம் வரும், இந்திரன் கிழப் பிராமணனாக வந்து கவச குண்டலத்தைக் கேட்பான், அவன் மறுக்காமல் அறுத்துக் கொடுப்பான் என்பதை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபிரேன் ஓர் அங்கம் முழுக்கச் செலவழித்துச் சம்பாதித்ததை எங்கள் பாட்டிகள் எங்களுக்குச் சும்மா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

குண்டலத்தைப் பாருங்கள். டிராமா டிரஸ்காரரிடம் வாடகைக்கு எடுத்த ஒரே ஜோடி. முன்னால் கர்ணன் தானம் கொடுத்தே ஆக வேண்டும். பின்னால் அந்த ஜோடியில் ஒன்றைக் காணவில்லை. கேட்டதையெல்லாம் கொடுக்கிறவன் கொடுப்பதற்குப் பொருள் இல்லாமல் பாட்டை இழுத்துக்கொண்டே நிற்கிறான். ஃபிரேனுக்கு மீன் தட்டு எப்படியோ அப்படி எங்களுக்குக் குண்டலம். மீன் தட்டுக்கு இல்லாத கனம் இதற்கு உண்டு என்பது என் எண்ணம்.

சரி, இதில் குறையே இல்லையா? பெரிய குறை ஒன்று இருக்கிறது, அதை எங்களுக்குக் காட்டியவர் காரிமங்கலம் பக்கத்து வாத்தியார் ஒருவர். 40 வருஷமாகக் கூத்துப் பழக்குகிறவர். கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, குண்டலம் காணோம்னா கோமாளி சும்மா இருப்பானா? 'மகாராஜா, குண்டலத்த வட்டிக் கடையில வெச்சிட்டு வந்தீங்களா'ன்னு ஒரே கேள்வி கேப்பான். சனம் சிரிச்சிடும். அவ்வளவுதான், முடிஞ்சு போச்சே."

அவர் சொன்னது முழுக்கச் சரி. கூத்தில் பிசகு என்பதே கிடையாது. கோமாளியான கட்டியங்காரன் எதையும் விழுங்கிவிடுவான். கிரீடம் சரிந்தால் அதற்கு ஒரு பேச்சு, மழை வந்தால் அதற்கு ஒரு பாட்டு. மேடைக் குழப்ப நாடகத்துக்கோ, முன்பக்கம் இறுகி நிற்க வேண்டும், வளையவே கூடாது. வளைந்துகொடுக்கிற ஒன்றை உடைத்துக் காட்ட முடியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கம்பெனி நாடகம் கூத்தைவிட மேல் என்பதை ஒப்புக்கொண்டு, இரண்டு வாரம் தவித்தோம்.

விடையையும் அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டோம். தொழிலாகக் கூத்தாடுகிற குழுவை, அதாவது ஜமாவைப் பற்றி எழுதாமல், ஊர்ப் பையன்களின் அரங்கேற்றத்தைப் பற்றி எழுதுவது. இந்தப் பக்கத்தில் கிராமத்து இளைஞர்கள் வாத்தியாரை அழைத்து வந்து மாதக்கணக்கில் பழகி, ஒரே ஒரு இரவு ஆடுவார்களே, அது. அந்தப் பையன்களுக்குப் பழகின வரி மட்டும்தான் தெரியும். சமாளிக்கத் தெரியாது. கோமாளி கட்டுகிறவனும் மனப்பாடம் செய்தவன்தான். எதிராளி ஒரு வரியைத் தாண்டிவிட்டால் அவனும் நின்றுவிடுவான். கம்பெனியின் இறுக்கமும் கூத்தின் கதையும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டன.

அரங்கேற்றம் என்றதும் இன்னொரு புதையலும் வந்து சேர்ந்தது. சொந்தக்காரர்கள். மாமன் மேடையேறி ரூபாய் நோட்டைக் குத்துவார், மைக்கில் 'கர்ண மகாராஜாவுக்கு அவருடைய தாய்மாமன் அன்பளிப்பு' என்று அறிவிப்பார்கள், பாட்டு பாதியில் நிற்கும். கணக்காக ஓட வேண்டிய முன்பக்க நாடகம் எப்போது நிற்கும், எப்போது கிளம்பும் என்று பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாமலே போகும். இதை நாங்கள் கண்டுபிடிக்கவே இல்லை, எல்லாத் திடலிலும் நடப்பதுதான்.

ஊமையாகச் சண்டை போடுகிற வாய்ப்புப் போய்விடுமே என்று ஒரு சந்தேகம் வந்தது. முகவீணையும் மிருதங்கமும் முன்னால் முழங்கும்போது பின்னால் கத்தினாலும் கேட்காது. ஆனால் பாட்டு நின்று வசனம் வருகிற இடங்களில் திடலே அமைதியாகும், தொங்குகிற மைக் எல்லாவற்றையும் இழுக்கும். காலிலோ சலங்கை. சத்தம் வரக் கூடாத நேரத்தில், நகர்ந்தாலே ஒலிக்கிற காலோடு ஒருவனை ஒருவன் துரத்த வேண்டும். பாட்டு நடக்கும்போது கத்திச் சண்டை, வசனம் நடக்கும்போது சலங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டை. இது ஃபிரேனில் இல்லாத தாளம். ஒத்திகையில் முதல் தடவை இதைச் செய்து பார்த்த அன்று, வேடிக்கை பார்க்க வந்த டீக்கடைப் பையன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இதைப் போடுகிறவர்களுக்கு எங்களிடம் இல்லாத ஒரு வசதி உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பையன்கள் முன்னால் செந்தமிழில் 'அடி பொன்னுருவி' என்று பாடிவிட்டு, பின்னால் வந்து தாய்மொழியில் திட்டிக்கொள்ளலாம். மூன்று மொழியும் புரிகிற சனம் அங்கே இருக்கிறது. அதைத் தருமபுரியில் செய்தால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது.

பின்பக்கத்தைக் காட்டுவது

கதையை முடிவு செய்வதற்கு முன்பே செட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். மூன்று வழி இருந்தது: செட்டைத் திருப்பலாம், மேடையை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் மேடை, வலப்பக்கம் கொட்டாய் என்று ஒரே நேரத்தில் காட்டலாம், அல்லது செட்டை அசைக்காமல் சனத்தை மறுபக்கம் கூட்டிப் போகலாம்.

செட்டைத் திருப்புவது என்பதை ஆசையாகப் பேசுகிறவர்கள் முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போக வேண்டும். 24 அடி அகலம், 12 அடி ஆழம் உள்ள செட் சக்கரத்தில் ஒரு சுற்றுச் சுற்ற, அதன் மூலைவிட்டம் கிட்டத்தட்ட 27 அடி; அந்த அளவு வட்டம் மேடையில் காலியாக இருக்க வேண்டும். நாங்கள் பார்த்த பள்ளி மேடை 18 அடி ஆழம். 16-க்கு 10 என்று சுருக்கினாலும் மூலைவிட்டம் 19 அடிக்குக் கொஞ்சம் குறைவு, அப்போதும் இடிக்கும். 24 அடி செட்டையே நடுவில் வெட்டி 12-க்கு 12 என இரண்டு துண்டாக்கினால் ஒவ்வொன்றுக்கும் 17 அடி போதும். ஒன்றை ஒதுக்கிவிட்டு மற்றதைத் திருப்பலாம். ஆனால் திரும்பிய பிறகு இடத்துண்டு வலமாகவும் வலத்துண்டு இடமாகவும் மாறி நிற்க வேண்டும். முன்னால் இடக்கைப் பக்கம் இருந்த கதவு பின்னாலிருந்து பார்த்தால் வலக்கைப் பக்கம். இதை மறந்தால் நடிகர்களுக்குப் பைத்தியமே பிடித்துவிடும்.

கதவு விஷயத்தில் எங்களுக்கு ஏற்கெனவே ஓர் அடி விழுந்திருக்கிறது. முன்பு ஒரு நாடகத்துக்கு ரீப்பர் சட்டத்தில் ப்ளைவுட் அடித்துக் கதவு வைத்தோம். ஓங்கிச் சாத்துகிற காட்சியில் கதவு நின்றது, சுவர் ஆடியது, மூன்றாவது தடவை நிலையே பெயர்ந்து ஒருவர் தோளில் விழுந்தது. காயம் இல்லை, நல்ல நேரம். அதிலிருந்து கற்றது: ஒவ்வொரு நிலைக்கும் பின்னால் சாய்வுத் தாங்கல் இரண்டு, அடியில் மணல் மூட்டை, கீல் மூன்று. இப்படி ஏழெட்டுக் கதவு செய்து, மாடிப்படியும் கட்டி, அதன் மேல் ஆட்கள் ஓடி, அதையும் சக்கரத்தில் ஏற்றித் திருப்புவது தச்சு வேலை தெரிந்த முழுநேர ஆட்கள் உள்ள அரங்கத்துக்கான வேலை. கூத்தில் கதவே கிடையாது. இரண்டு பேர் பிடிக்கிற ஒரு திரை, ஓலைப் படல், அவ்வளவுதான். எங்கள் கணக்கில் இது பெரிய வரவு.

மேடையை இரண்டாகப் பிரிக்கிற வழி சுலபம், எந்த மண்டபத்திலும் நடக்கும். ஆனால் முன்பக்கமும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தால், காதில் விழுகிற பாட்டை வைத்து முன்னால் என்ன நடக்கிறது என்று சனம் மனதில் படம் போட வேண்டிய தேவை இல்லாமல் போய்விடும். சிரிப்பில் பாதி அந்தப் படத்தில்தான் இருக்கிறது. செய்து பார்த்தோம், சப்பென்று இருந்தது. விட்டுவிட்டோம்.

மிச்சம் இருந்தது சனத்தைத் திருப்புவது. கூத்தில் சனம் மூன்று பக்கமும் உட்காரும், பிள்ளைகள் கொட்டாய்க்குப் பின்னால் போவார்கள். நாங்கள் பெரியவர்களையும் அங்கே கூட்டிப் போகிறோம், வேறொன்றுமில்லை. அதுவும் ஒரே ஒரு தடவை. ஃபிரேனின் நாடகம் முன், பின், மறுபடி முன் என்று போகிறது. எங்கள் சனத்துக்குக் கதை தெரியும் என்பதால் முதல் 'முன்' எங்களுக்குத் தேவையில்லை. நேராகப் பின்னால் ஆரம்பிக்கலாம். வேஷம் கட்டுவதிலிருந்து குண்டலம் தொலைவது வரை கொட்டாய்ப் பக்கம், இடைவேளையில் டீ, அப்புறம் முன்பக்கம் வந்து உட்கார்ந்தால் எல்லாம் சரிவதைப் பார்க்கலாம். கர்ணன் கதையை அதிகம் பார்த்திராத சின்ன வயசுக்காரர்களுக்காக, தொடக்கத்தில் வாத்தியார் பையன்களை நிற்க வைத்து யார் யாருக்குப் பிறகு யார் என்று ஒப்பிக்கச் சொல்கிற பத்து நிமிஷக் காட்சி வைத்திருக்கிறோம்.

இதற்கும் விலை உண்டு. 200 பேருக்கு மேல் அனுமதிக்க முடியாது. இரண்டு பக்கமும் விளக்கு வேண்டும், ரேடியோ செட்காரர் இரண்டு இடத்தில் பெட்டி வைக்க வேண்டும். முதியவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்பதால் மறுபக்கத்தில் முன்கூட்டியே நாற்காலி போட்டிருக்க வேண்டும். நடக்கிற வழியில் ஒரு வயர் கூடத் தரையில் கிடக்கக் கூடாது. மேலே கட்ட வேண்டும், அல்லது மண்ணில் புதைத்துப் பலகை போட வேண்டும். இதற்கென்றே ஆறு பேரை ஒதுக்கியிருக்கிறோம்.

மண்டபமா, திடலா, எந்த மாதம்

சனத்தை நகர்த்துவது என்று ஆன பிறகு கல்யாண மண்டபம் தானாகவே கழன்றுகொண்டது. இருந்தாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மண்டபம் வேண்டுமென்றால் ஆடியிலோ மார்கழியிலோ கேளுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதங்கள், இடம் கிடைக்கும், பேசிக் குறைக்கவும் முடியும். எதிரொலிதான் தொல்லை. சிரிப்பு நாடகத்தில் ஒரு சொல் தெளிவாகக் கேட்காவிட்டால் அடுத்த மூன்று சிரிப்பு போய்விடும். ஜன்னல்களுக்கு ஜமக்காளம் கட்டினால் ஓரளவு அடங்கும்.

கோயில் திடல் வேண்டாம் என்றும் முடிவு செய்தோம். அது அம்மனுக்கு முன்னால் நேர்த்திக்கடனாக ஆடுகிற இடம். கலைஞர்கள் விரதம் இருந்து ஆடுவது, திரௌபதி வேஷத்துக்கு முன்னால் பெண்கள் கண்கலங்கி நிற்பது எல்லாம் நடக்கிற மண்ணில், நாங்கள் கூத்தைச் சிரிப்பாக்குகிறோம் என்று யாருக்காவது தோன்றினால் அது தாங்காது. அதே காரணத்துக்காகத்தான் பாரதத்தில் திரௌபதி வருகிற பகுதி எதையும் தொடாமல் கர்ணன் கதையை எடுத்தோம். பள்ளி மைதானம் போதும்.

மாதம் பற்றி நிறைய யோசித்தோம். மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரை கூத்துக்காரர்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு முகவீணைக்காரரும் மிருதங்கக்காரரும் தொழிலில் இருக்கிறவர்களாக வேண்டும். அதில் மட்டும் அமெச்சூர் ஆட்கள் உதவாது. அவர்கள் ஓய்வாக இருப்பது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. முதல் இரண்டும் மழை. மார்கழியில் மழை குறையும், ஆனால் எங்கள் ஊர்ப் பனி லேசானதல்ல. எட்டு மணிக்கு மேல் முதியவர்கள் வெளியில் உட்கார மாட்டார்கள், முகவீணைச் சீவாளியும் ஈரத்தில் மக்கர் செய்யும் என்கிறார் வாசிப்பவர். அதனால் மாசியில் கூத்துப் பருவம் தொடங்குவதற்கு முன்னால், பொங்கல் கழிந்த வாரம், மாலை 6 மணிக்குத் தொடக்கம், 9 மணிக்குள் முடிவு என்று வைத்திருக்கிறோம். 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்கு நள்ளிரவு வரை அரசு தளர்வு கொடுக்க முடியும், ஆனால் அந்தத் தளர்வை நம்பி நாடகம் எழுதக் கூடாது. மைக்குக்கு போலீஸ் ஸ்டேஷனில் முன்பே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

சீக்கிரம் முடிப்பதில் இன்னொரு நன்மை, எங்கள் குழுவின் பெண்கள். ஒத்திகை இரவு 8 மணிக்கு மேல் போனால் அவர்களுக்கு வீட்டிலும் பதில் சொல்ல வேண்டும், பஸ்ஸும் பிடிக்க வேண்டும். அரங்கேற்றக் கதையில் பெண் வேஷமும் பையன்களே கட்டுவதால் பெண்களுக்கு இடமே இல்லையோ என்று முதலில் பயந்தோம். எழுத எழுத அது தலைகீழாக மாறியது. பொன்னுருவி கட்டுகிறவனின் அக்கா, கர்ணனுக்குப் பேசி முடித்த பெண், டிரஸ்காரரின் மனைவி என்று கொட்டாய்க்குள் நுழைந்து காரியத்தைச் சாதிக்கிறவர்கள் பெண்கள்தான். குண்டலம் யாரிடம் இருக்கிறது என்று கடைசி வரை தெரிந்த ஒரே ஆளும் ஒரு பெண்தான்.

இப்போது நீள நோட்டில் பக்கத்தை இரண்டாக மடித்து எழுதிக்கொண்டிருக்கிறோம். இடப்பக்கம் முன்னால் ஓடுகிற பாட்டும் வசனமும், வலப்பக்கம் அதே நொடியில் பின்னால் நடப்பது. முன்பக்கத்தை முதலில் தனியாக முழுசாகப் பழகிவிட்டுத்தான் பின்பக்கத்தைத் தொட வேண்டும் என்பது வாத்தியாரின் கட்டளை. பிசகுவதற்கு முன்னால் சரியாக ஆடத் தெரிய வேண்டும் என்கிறார். அதனால் 14 பேரும் கடந்த ஆறு வாரமாக உண்மையாகவே கர்ணன் கூத்துப் பழகுகிறோம். நர்ஸ் அம்மாவுக்குத் தாளம் எங்களைவிட நன்றாக நிற்கிறது.

வாத்தியார் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். ஒப்பனைப் பெட்டிக்குப் பூசை போட்டுச் சூடம் காட்டித்தான் வேஷம் கட்ட ஆரம்பிப்பார்கள். எங்கள் நாடகம் கொட்டாய்ப் பக்கம் ஆரம்பிப்பதால், அந்தப் பூசையும் சனத்துக்கு முன்னால்தான் நடக்கும். "அது நடிப்பா இருக்கக் கூடாது தம்பி. நெசமாவே போடணும். சூடம் அணையற வரைக்கும் யாரும் சிரிக்கக் கூடாது, அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணிக்கங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டோம். முதல் காட்சியின் முதல் வசனம் சூடம் அணைந்த பிறகுதான் என்று நோட்டில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே வரியாக எழுதி வைத்திருக்கிறேன்.